கர்த்தருக்குள் துணை தேடுவது: ஜெபித்த பிறகு செய்யவேண்டிய விசாரணை

ஆபிரகாமின் மகன் ஈசாக்குக்குப் பெண் தேடிப் போன ஊழியக்காரனின் வரலாறு ஆதியாகமம் 24-ஆம் அதிகாரத்தில் 67 வசனங்களுக்கு நீளுகிறது. துணை தேடுகிறவர்களும் அவர்களுடைய பெற்றோரும் அதை ஒருமுறை நிதானமாக வாசித்துவிட்டுத் தொடங்குவது நல்லது. அவன் துரவண்டையில் ஜெபித்தான். ஜெபம் முடியுமுன்னே ரெபெக்காள் வந்தாள். கேட்ட அடையாளமும் நடந்தது. அப்போதும் அவன் அவசரப்படவில்லை. அவளைக் கவனித்தபடி மௌனமாயிருந்தான் என்கிறது 21-ஆம் வசனம். யாருடைய மகள் என்று விசாரித்தான். அவள் வீட்டாரிடம் வந்த காரியத்தை ஒன்றும் ஒளிக்காமல் சொன்னான். கடைசியில் பெண்ணையே கூப்பிட்டுப் போக மனமிருக்கிறதா என்று கேட்டார்கள், "போகிறேன்" என்றாள்.

அவன் கேட்ட அடையாளத்தையும் பாருங்கள்: குடிக்கத் தண்ணீர் கேட்கும்போது, ஒட்டகங்களுக்கும் வார்ப்பேன் என்று சொல்லும் பெண்ணே ஈசாக்குக்குரியவள். தாகத்தோடு வரும் ஓர் ஒட்டகம் ஒரே தடவையில் 100 லிட்டர் வரை குடிக்கக்கூடியது. அங்கே நின்றவை பத்து. முன்பின் தெரியாதவனுடைய பத்து ஒட்டகங்களுக்கு, யாரும் கேட்காமலே குடத்தில் மொண்டு மொண்டு ஊற்றும் பெண்ணிடம் எப்படிப்பட்ட மனம் இருக்கும்? அவன் கேட்டது வானத்தில் ஒரு அதிசயத்தை அல்ல, குணம் வெளியே தெரியும் ஒரு சந்தர்ப்பத்தை. கர்த்தருடைய பதில் பெரும்பாலும் விசாரணையின் வழியாகவே வருகிறது. விசாரிக்க வெட்கப்பட்டு, "ஜெபித்துவிட்டோம், சமாதானம் கிடைத்தது" என்று முடித்துவிடும் இடத்தில்தான் பல குடும்பங்கள் தவறிப்போகின்றன.

தேடுமுன் உங்களைப் பற்றி

ஒரு தாளில் இரண்டு பகுதி எழுதுங்கள். முதல் பகுதியில் விட்டுக்கொடுக்கவே முடியாதவை: ஐந்துக்கு மேல் வேண்டாம். இரண்டாவதில் இருந்தால் நல்லது என்பவை: உயரம், படிப்பு, இசை ஞானம், எதுவானாலும். முதல் பகுதியில் பத்து வரி வந்தால் அதில் பாதி உங்கள் விருப்பம், தேவனுடைய நிபந்தனை அல்ல. பிறகு உங்களுடைய கடன்கள், உடல்நலம், இன்னும் முடித்துக்கொள்ளாத பழைய உறவு, விட முடியாத பழக்கம் ஆகியவற்றையும் அதே தாளில் எழுதுங்கள். எதிர்தரப்பிடம் எதை வெளிப்படையாகக் கேட்கப்போகிறீர்களோ அதை முதலில் நீங்கள் சொல்லத் தயாராக இருக்கவேண்டும்.

வேதம் வைக்கும் நிபந்தனை சுருக்கமானது. 1 கொரிந்தியர் 7:39-ல் விதவையைக் குறித்து எழுதும்போது, "தனக்கு இஷ்டமானவனாயும் கர்த்தருக்குட்பட்டவனாயுமிருக்கிற" ஒருவனை அவள் மணக்கலாம் என்கிறார் பவுல். இரண்டு சொற்களும் வேண்டும். கர்த்தருக்குட்பட்டவர் என்பதற்காக, பார்த்தாலே மனம் ஒதுங்கும் ஒருவருக்குச் சம்மதிக்கவேண்டியதில்லை. "என் கண்ணுக்குப் பிரியமானவள்" என்ற ஒரே காரணத்தோடு பெலிஸ்தப் பெண்ணைத் தேடித் திம்னாத்துக்குப் போன சிம்சோனைப் போல மற்றதைத் தள்ளிவிடவும் கூடாது. முதல் சந்திப்பிலேயே மனம் பரவசப்படாவிட்டால் கவலை வேண்டாம். அது மெல்ல வளரும். ஆனால் நான்கைந்து சந்திப்புக்குப் பிறகும் வெறுப்பு நீங்காவிட்டால் அதை ஜெபத்தால் மூடி மறைக்காதீர்கள்.

விசுவாசியா என்று எப்படி அறிவது

"அந்நிய நுகத்திலே அவிசுவாசிகளுடன் பிணைக்கப்படாதிருப்பீர்களாக" என்ற 2 கொரிந்தியர் 6:14 திருமணத்தை மட்டும் மனதில் வைத்து எழுதப்பட்டதல்ல. ஆனால் திருமணத்தைவிட நெருக்கமான நுகம் வேறில்லை. மாட்டையும் கழுதையையும் ஒன்றாகப் பிணைத்து உழாதே என்ற உபாகமம் 22:10-ஐ அருகில் வைத்துப் பார்த்தால் காரணம் புரியும். நடையும் பலமும் வேறாக இருக்கும் இரண்டை ஒரே நுகத்தில் பூட்டினால் ஏர் கோணும், இரண்டுக்கும் கழுத்து புண்ணாகும்.

சபை உறுப்பினர் சான்றிதழ் இதற்குப் போதாது. பாடகர் குழுவில் பாடுவதும் போதாது. இப்படிக் கேளுங்கள்: இந்த மாதம் வேதத்தில் எந்தப் புத்தகம் வாசிக்கிறீர்கள்? கடந்த ஒரு வருடத்தில் எந்தப் பாவத்தைவிட்டுத் திரும்பினீர்கள்? நீங்கள் தவறு செய்தால் உங்களைக் கண்டிக்கும் உரிமை யாருக்கு இருக்கிறது? மூன்றாவது கேள்விக்கு ஒரு பெயர்கூட வராவிட்டால் அங்கே நின்று யோசியுங்கள். போதகரோ, மூத்த விசுவாசியோ, நண்பரோ, ஒருவருக்கும் கணக்குச் சொல்லாதவர் திருமணத்துக்குப் பிறகு துணைக்கும் கணக்குச் சொல்லமாட்டார்.

திருமணத்துக்காகவே ஞானஸ்நானம் எடுக்க முன்வருகிறவர்கள் உண்டு. அவருடைய உள்ளம் உண்மையாகவும் இருக்கலாம். திருமணப் பேச்சைத் தள்ளிவைத்து குறைந்தது ஒரு வருடம் சபையில் வளர விடுங்கள். கல்யாணம் நிச்சயமில்லை என்று தெரிந்தும் அவர் தொடர்ந்து வந்தால் அதுவே நல்ல சாட்சி.

யாரிடம் விசாரிப்பது

ஊர் முழுக்க விசாரித்தும் ஏமாறுகிறவர்கள் பெரும்பாலும் தவறான ஆட்களிடம், தவறான கேள்வியைக் கேட்டவர்கள். "ஆள் எப்படி?" என்றால் "நல்ல பிள்ளை" என்றுதான் பதில் வரும். 1 சாமுவேல் 25-ல் நாபால் 3,000 ஆடுகளும் 1,000 வெள்ளாடுகளும் உடைய பெரிய மனிதன். அவனோடு யாரும் பேசவே முடியாது என்ற உண்மை வெளிவந்தது அவன் வேலைக்காரரில் ஒருவன் வாயிலிருந்து. ரூத்தை மணந்த போவாஸ் நல்லவன் என்பதும் வயலில்தான் தெரிகிறது: அறுக்கிறவர்களைப் பார்த்து "கர்த்தர் உங்களோடே இருப்பாராக" என்கிறான், அவர்களும் அன்போடு வாழ்த்துகிறார்கள். ஆகவே ஒருவருக்குக் கீழே இருக்கிறவர்களிடம் கேளுங்கள்.

ஐந்து பேராவது வேண்டும்: அவருடைய போதகர், அலுவலகத்தில் அவருக்குக் கீழே அல்லது கூட வேலை செய்கிற ஒருவர், அறையைப் பகிர்ந்து தங்கிய ஒருவர், உடன்பிறந்தவர், பத்து வருடமாவது தெரிந்த ஒருவர். தரகரும் சம்பந்தம் கொண்டுவந்த உறவினரும் இந்தக் கணக்கில் சேரமாட்டார்கள். சம்பவத்தைக் கேளுங்கள், கருத்தைக் கேட்காதீர்கள். "அவர் மன்னிப்புக் கேட்டதைக் கடைசியாக எப்போது பார்த்தீர்கள்?" "கோபம் வந்தால் என்ன செய்வார், எவ்வளவு நேரம் நீடிக்கும்?" "வாங்கிய பணத்தைச் சொன்ன நாளில் திருப்பித் தந்தாரா?" "உங்கள் சொந்தத் தங்கைக்கோ தம்பிக்கோ இந்த இடத்தைப் பேசுவீர்களா?" கடைசிக் கேள்விக்குப் பதில் சொல்லுமுன் வரும் தயக்கத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்.

ரூத்தைப் பார்த்து போவாஸ் "நீ குணசாலி என்பதை என் ஜனமாகிய ஊராரெல்லாரும் அறிவார்கள்" என்கிறான். நீதிமொழிகள் 31:10-லும் "குணசாலி" என்ற அதே சொல்தான். உண்மையான குணம் ஊருக்குத் தெரிந்திருக்கும். நீங்கள் கேட்கவேண்டும், அவ்வளவுதான்.

சில சபைகளில் திருமண ஓலையை மூன்று ஞாயிறு வாசிப்பார்கள். 1215-ல் கூடிய கத்தோலிக்க ஆயர்களின் நான்காம் லாத்தரன் பொதுச்சங்கம் திருமணத்தை முன்கூட்டியே அறிவிப்பதைப் பொதுவிதியாக்கியது. தடை ஏதாவது தெரிந்தவர் சொல்லட்டும் என்பதே நோக்கம். நல்ல ஏற்பாடு. ஆனால் அழைப்பிதழ் அச்சான பிறகு எழுந்து நின்று தடை சொல்லும் துணிவு யாருக்கும் எளிதில் வராது. விசாரணையை நிச்சயத்துக்கு முன்பே முடியுங்கள்.

இருவரும் பேசவேண்டியவை

ஆறு முதல் எட்டு உரையாடலாவது வேண்டும், ஒவ்வொன்றும் ஒரு மணி நேரம். போனில் மட்டும் பேசினால் முகம் மாறுவது தெரியாது. பாதுகாப்பான, நான்கு பேர் நடமாடும் இடத்தில் நேரில் சந்தியுங்கள். ஒன்றிரண்டு சந்திப்பு அவர் களைத்திருக்கும் வேலைநாளின் மாலையாக இருக்கட்டும்.

பணத்தைப் பற்றிப் பொதுவாகப் பேசிப் பயனில்லை. இருவரும் சம்பளச் சீட்டையும் கடன் தவணைகளின் பட்டியலையும் மேசையில் வையுங்கள். பெற்றோருக்கு மாதம் எவ்வளவு தரப்படுகிறது, காணிக்கை எவ்வளவு, யாருக்காவது ஜாமீன் கையெழுத்துப் போட்டிருக்கிறாரா என்று கேளுங்கள். தன் வீட்டாரைப் பராமரிக்காதவன் விசுவாசத்தை மறுதலித்தவன் என்கிறது 1 தீமோத்தேயு 5:8. ஆகவே பெற்றோருக்குத் தருவது குறையல்ல. அதை மறைப்பதுதான் குறை. அதே சமயம் ஆதியாகமம் 2:24 "தன் தகப்பனையும் தன் தாயையும் விட்டு" என்கிறது. இருவரும் முடிவெடுத்த ஒன்றைத் தாய் வேண்டாம் என்றால் என்ன செய்வீர்கள் என்று நேராகக் கேளுங்கள்.

எந்தச் சபைக்குப் போவது, குழந்தைகள், யாருடைய வேலைக்காக யார் ஊர் மாறுவது, ஊழிய அழைப்பு ஆகியவற்றையும் விடாதீர்கள். உடல்நலம் தனியாக ஒரு நாள் பேசவேண்டியது. ஹெச்.ஐ.வி., ஹெபடைட்டிஸ் பி, தலசீமியா (பரம்பரை இரத்த நோய்) பரிசோதனைகளை இருவரும் செய்துகொள்வது அவநம்பிக்கை ஆகாது. இருவருமே தலசீமியா மரபணுவைச் சுமப்பவர்களாக இருந்தால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் குழந்தைக்குக் கடுமையான நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. மருந்து சாப்பிடும் மனநோயையும் முன்பே சொல்லவேண்டும். நோயைவிட மறைத்ததே பின்னால் அதிகமாகக் காயப்படுத்துகிறது.

பழைய பாவங்களைச் சொல்லும்போது எதிரிலிருப்பவரின் முடிவைப் பாதிக்கக்கூடிய அனைத்தையும் சொல்லுங்கள். அதற்குமேல் விவரணை தேவையில்லை. குடி, சூதாட்டம், ஆபாசப் படம் போன்ற அடிமைத்தனம் இருந்திருந்தால், குறைந்தது ஒரு வருடம் விடுபட்டிருக்கிறார் என்பதற்கு அவரைத் தவிர இன்னொருவர் சாட்சி சொல்லட்டும். கல்யாணம் ஆனால் சரியாகிவிடும் என்பது பொய்.

மறுத்துப் பாருங்கள்

ஒரு சிறிய காரியத்தில் "முடியாது" என்று சொல்லுங்கள். சந்திக்கும் நாளை மாற்றச் சொல்லுங்கள், அவருடைய கருத்தொன்றை மறுத்துப் பேசுங்கள். இணங்கிப் போகும்போது எல்லோரும் இனியவர்கள். மறுப்புக்குப் பிறகு நாள்கணக்கில் பேசாமலிருப்பது, செத்துப்போவேன் என்று மிரட்டுவது, போன் கடவுச்சொல் கேட்பது, நண்பர்களை விடச் சொல்வது: இவை அன்பின் மிகுதி அல்ல, ஆளுகை. "கோபக்காரனுக்குத் தோழனாகாதே" என்கிறது நீதிமொழிகள் 22:24. தோழமைக்கே அப்படி என்றால் திருமணத்துக்குச் சொல்லவேண்டுமா? மனைவிகள் கீழ்ப்படியவேண்டும் என்ற எபேசியர் 5:22-ஐ மனப்பாடமாகச் சொல்லி, கிறிஸ்து சபைக்காகத் தம்மை ஒப்புக்கொடுத்ததைச் சொல்லும் 25-ஆம் வசனத்தில் மௌனமாகிற ஆணைப் பற்றி எச்சரிக்கையாயிருங்கள். கை ஓங்கினால், ஒரே தடவையானாலும், பேச்சை அங்கேயே முடியுங்கள்.

"நீதான் என் துணை என்று கர்த்தர் எனக்குச் சொன்னார்" என்று ஒருவர் வந்தால், "கர்த்தர் என்னிடமும் சொல்லட்டும்" என்று அமைதியாகப் பதில் சொல்லலாம். ஒருவருக்குக் கிடைத்த தரிசனம் மற்றவரின் சம்மதத்துக்கு ஈடாகாது. கண்ணை மூடி வேதத்தைத் திறந்து விரல் வைத்த வசனத்தை முடிவாக எடுப்பதும் வேண்டாம். கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டம் இதில் மிகத் தெளிவு: திருமணத்தை உண்டாக்குவது இருவருடைய சம்மதமே, வற்புறுத்தலாலோ கடும் அச்சத்தாலோ தரப்பட்ட சம்மதம் செல்லாது.

முடிவும் மறுப்பும்

திருமண ஆயத்த ஆலோசனையை மண்டபத்துக்கு முன்பணம் கட்டுமுன் தொடங்குங்கள். ஐந்தாறு அமர்வுக்குப் பிறகு ஆலோசகர் தள்ளிவையுங்கள் என்றால் தள்ளிவைக்க மனம் இருக்கவேண்டும். வயது ஏறுகிறது, உறவினர் கேட்கிறார்கள் என்ற நெருக்கடி இருப்பது உண்மைதான். தனிமையில் அழும் இரவுகளின் வேதனையும் உண்மைதான். அதைச் சிறிதாக எண்ணவேண்டாம். பவுல் திருமணமின்றி வாழ்ந்து அதையும் வரம் என்றார். காத்திருக்கும் வருடங்களில் சபை உங்களைத் தனியாக விடாமலிருப்பது சபையின் கடமை.

வேண்டாம் என்று முடிவானால் இரண்டு நாளுக்குள் சொல்லிவிடுங்கள். பதிலில்லாமல் இழுப்பது எதிர்தரப்புக்குச் செய்யும் அநியாயம். "ஜெபித்தோம், கர்த்தர் சித்தம் இல்லை" என்று பழியைத் தேவன்மேல் போடாமல், "எங்களுக்குப் பொருத்தமாகத் தோன்றவில்லை, மன்னியுங்கள்" என்றால் போதும். விசாரணையில் தெரிந்த குறைகளை அடுத்த வீட்டில் பேசாதீர்கள். நிச்சயத்துக்குப் பின் நிறுத்தவேண்டி வந்தால் போதகரையும் இரு வீட்டுப் பெரியவர் ஒருவரையும் கூட வைத்துக்கொண்டு நேரில் சொல்லுங்கள். வாங்கிய பரிசுகளையும் புகைப்படங்களையும் அன்றே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். மிரட்டலோ கைநீட்டலோ இருந்த இடத்தில் மட்டும் நீங்கள் நேரில் போகவேண்டாம், பெரியவர்கள் போய்ச் சொல்லட்டும்.