வண்டி மண்ணை நம்பி உங்கள் மண்ணை மூடாதீர்கள்

பெங்களூரு ராமமூர்த்தி நகரில் எங்கள் தெருவுக்குப் புதிதாகக் குடிவந்தவர், போன வாரம் தோட்டத்துக்கென்று ஒரு லோடு செம்மண் இறக்கினார். பார்த்ததும் வயிறு எரிந்தது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் நானும் இதையேதான் செய்தேன். தண்ணீர் ஊற்ற மறப்பதையும் நிழலில் தக்காளி நடுவதையும் செடியே வாடிக் காட்டிவிடும். அவற்றை விட்டுவிட்டு, மண்ணில் செய்கிற தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

அஸ்திவாரத்து மண்

இங்கே விலைக்கு வருகிற செம்மண் பல நேரம் கட்டடத்துக்கு அஸ்திவாரம் தோண்டி எடுத்தது. பத்தடி ஆழத்து மண்ணில் மக்கு, அதாவது மக்கிப்போன இலைதழை, இல்லை; மண்புழுவும் இல்லை. நிறம் மட்டும் கண்ணைப் பறிக்கும். "தோட்டத்து மண்தான் ஐயா" என்று விற்றவர் சொன்னதை நம்பி, என் பழைய மேல்மண்ணின் மீது ஓர் அடி உயரத்துக்குப் பரப்பினேன். அந்த மேல்மண் சத்துக் குறைந்திருந்ததே தவிர, செத்துப்போயிருக்கவில்லை. அதை நானே புதைத்தேன். முதல் மழைக்குப் பின் வெயில் அடித்ததும் தரை ஓடுபோல இறுகிவிட்டது. இரண்டு ஆண்டுகள் கத்தரி முழங்கால் உயரத்தைத் தாண்டவில்லை. மூட்டை மூட்டையாக உரம் வாங்கிக் கொட்டியும் பயனில்லை. இன்று நினைத்தாலும் ஆத்திரமாக இருக்கிறது.

வாங்குமுன், நெல்லிக்காய் அளவு காய்ந்த கட்டி ஒன்றைக் கண்ணாடித் தம்ளர் தண்ணீரில் மெல்ல இறக்குங்கள். மக்குள்ள மண்கட்டி சில குமிழ்களை விட்டுவிட்டு உருக்குலையாமல் நிற்கும். நான் வாங்கிய மண் ஒரே நிமிடத்தில் பொலபொலவென்று சரிந்து, தண்ணீர் செக்கச்செவேலென்று கலங்கியது. இந்தச் சோதனையைக் காலம் கடந்துதான் செய்தேன்.

ஏற்கெனவே கொட்டிவிட்டீர்களா? மண்ணுக்கே உரமாக மடக்கி உழுகிற பசுந்தாள் பயிரான சணப்பையை விதையுங்கள். அதன் வேர் முடிச்சுகளிலுள்ள நுண்ணுயிர்கள் காற்றிலிருந்து தழைச்சத்தை (நைட்ரஜனை) பிடித்துத் தரும். ஏறக்குறைய 45 நாளில் பூக்கத் தொடங்கும்போது வெட்டி, அடியிலுள்ள பழைய மண்ணும் மேலே வரும்படி கொத்திப் புரட்டுங்கள். பிறகு சருகு மூடாக்குப் போடுங்கள். மண் பரிசோதனை அறிக்கையில், மக்கின் அளவைக் காட்டும் அங்ககக் கரிமம் 0.5 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் குறைவு. 0.75 தாண்டும்வரை இதை விடாதீர்கள். எனக்கு நான்கு போகம் பிடித்தது.

பச்சைச் சாணம்

வேர் வெந்துவிடும். மூன்று மாதமாவது மக்கட்டும்.

சருகு எரிப்பது

கூடவே கூடாது.

சுண்ணாம்பு

வீடு கட்டிய மனையில் சிமென்ட் கலந்து மண் ஏற்கெனவே காரத்தன்மை (அமிலத்துக்கு எதிரானது) அடைந்திருக்கலாம். பரிசோதிக்காமல் சுண்ணாம்பு போட்டால் காரத்தன்மை இன்னும் கூடி, இரும்புச்சத்து வேருக்குக் கிடைக்காது. இளந்தளிரில் நரம்பு பச்சையாகவும் இடைப்பகுதி மஞ்சளாகவும் தெரிந்தால், சுண்ணாம்பு வாளியைத் தொடாதீர்கள்.