பங்குச் சாமியாரின் வாழ்க்கையை எழுதி வைப்பது எப்படி?

ஒரு பங்குச் சாமியாருக்கு, அதாவது ஒரு பங்கின் கத்தோலிக்க மக்களையும் கோயிலையும் கவனிக்கும் குருவுக்கு, பொன்விழா வந்தாலோ, அவர் இறந்துபோனாலோ ஒரு மலர் போடுவோம். பிறந்த நாள், குருப்பட்டம் பெற்ற நாள், வேலை பார்த்த பங்குகள், கட்டிய கோயில், எழுப்பிய மணிக்கூண்டு, நாலு வாழ்த்துச் செய்தி என்று எல்லாம் அதில் இருக்கும், அந்த மனிதர் மட்டும் இருக்க மாட்டார். எனக்கு முதல் நற்கருணை கொடுத்த சாமியைப் பற்றி எழுத உட்கார்ந்தபோது நானும் அந்த மலர்களைத்தான் முதலில் புரட்டினேன், ஒரு வருஷம் அதிலேயே போய்விட்டது. நீங்கள் எழுதப் போகிறீர்கள் என்றால் அந்த ஒரு வருஷத்தை மிச்சப்படுத்திக் கொள்ளுங்கள்.

தேதிகளை முதலில் முடித்துவிடுங்கள், அது சின்ன வேலை. ஆயரின் அலுவலகமான ஆயரகத்துக்கு ஒரு கடிதம் எழுதினால் குருப்பட்டத் தேதியும் எந்தெந்தப் பங்கில் எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டு வரை இருந்தார் என்ற பட்டியலும் பெரும்பாலும் கிடைக்கும். அவருடைய தனிப்பட்ட கோப்பைக் கேட்காதீர்கள், கொடுக்க மாட்டார்கள், கொடுக்கவும் கூடாது.

அப்புறம் அவர் பிறந்த பங்குக்குப் போய் அவருடைய திருமுழுக்கு (ஞானஸ்நான) பதிவைப் பாருங்கள். இதை மட்டும் தவறவிடாதீர்கள். ஒருவர் குருப்பட்டம் பெற்றால் அந்தச் செய்தியை அவர் திருமுழுக்குப் பெற்ற பங்குக்கு அனுப்பி, அங்கே குழந்தையாக அவர் பெயர் எழுதப்பட்ட அதே வரியின் பக்கத்தில் குறித்து வைக்க வேண்டும் என்பது திருச்சபைச் சட்டம். நான் பார்த்த பக்கத்தில் மை பழுப்பேறிப்போயிருந்தது, பெற்றோர் பெயர், ஞானப்பெற்றோர் பெயர், எல்லாம் சாய்ந்த எழுத்து. ஓரத்தில் வேறொருவர் கையெழுத்தில், வேறு மையில், இருபத்தாறு வருஷம் கழித்து எழுதிய ஒரே வரி, குருவானார் என்று. பிறந்து சில நாளே ஆன பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்த தாய்க்குத் தெரியாத ஒன்று அந்த ஓரத்தில் இருந்தது. என் புத்தகம் அங்கேதான் தொடங்குகிறது.

அடுத்தது அவர் வேலை பார்த்த பங்குகளின் பதிவேடுகள். ஒவ்வொரு பங்கிலும் திருமுழுக்கு, திருமணம், இறப்பு ஆகியவற்றுக்குப் பதிவேடு இருக்க வேண்டும் என்று 1983-ம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 535-வது சட்டம் சொல்கிறது. திருமணங்களைப் பங்குக்குரு எழுதி வைக்க வேண்டும் என்ற கட்டளை இன்னும் பழையது, ஆயர்கள் கூடிய திரிதெந்து பொதுச்சங்கம் 1563-ல் போட்டது. ஆக, ஒரு சாமியார் தன்னைப் பற்றி ஒரு வரிகூட எழுதாமல் இறந்திருந்தாலும் அவருடைய நாட்களின் தடம் இந்தப் புத்தகங்களில் இருக்கிறது. எப்படிப் படிப்பது என்றால், ஒரு வருஷத்தை எடுத்துக்கொண்டு மூன்று பதிவேடுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தேதிவாரியாக ஒரு நோட்டில் எழுதிக்கொண்டே வாருங்கள். காலையில் ஒரு கல்யாணம், மாலையில் ஒரு பச்சைக் குழந்தையின் அடக்கம் என்று ஒரே நாள் கண்முன் வரும். இரண்டுக்கும் அதே மனிதர்தான் போய் நின்றிருக்கிறார், இரண்டுக்குக் கீழேயும் அதே கையெழுத்து. கொள்ளைநோய், வெள்ளம் வந்த வருஷம் என்றால் இறப்புப் பக்கங்கள் தடித்துப்போயிருக்கும், கையெழுத்து அவசரமாக இருக்கும். பழைய இறப்புப் பதிவேடுகளில் இறந்தவர் அவஸ்தைப்பூசுதல், அதாவது சாகும் தறுவாயில் குரு எண்ணெய் பூசும் சடங்கு, பெற்றாரா என்றும் குறித்திருப்பார்கள், எத்தனை பேருடைய கடைசி நேரத்துக்குள் இவர் போய்ச் சேர்ந்தார் என்பதை அதிலிருந்தே எண்ணிவிடலாம்.

பூசைக் கருத்துகளை எழுதும் புத்தகத்தையும் கேளுங்கள். யாருக்காக, என்ன கருத்துக்காக, எவ்வளவு காணிக்கை என்று அதில் இருக்கும். காணிக்கைக் கட்டம் காலியாக இருக்கும் வரிகள் கண்ணில் பட்டால் அந்தப் பெயர்களைத் தேடிப் போய் விசாரியுங்கள். இல்லாதவர்களிடம் காணிக்கை வாங்காமலும் அவர்களுக்காகப் பூசை வைக்கும்படி திருச்சபையே குருக்களைக் கேட்டுக்கொள்கிறது, சிலர் அதைச் சத்தமில்லாமல் வருஷக்கணக்காகச் செய்திருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் 'பங்கு மக்களுக்காக' என்று எழுதியிருந்தால் குழம்ப வேண்டாம். ஒவ்வொரு ஞாயிறும், பூசைக்குக் கட்டாயம் போக வேண்டிய கடன் திருநாளும் ஒரு பூசையைத் தன் பங்கு மக்களுக்காகவே ஒப்புக்கொடுப்பது பங்குக்குருவின் கடமை.

ஒரு எச்சரிக்கை, இதைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். பதிவேட்டில் மற்றவர்களுடைய வாழ்க்கையும் இருக்கிறது. தகப்பன் பெயர் இல்லாத பிள்ளை, முறிந்துபோன கல்யாணம், எல்லாம் இருக்கும். இப்போதிருக்கும் பங்குத்தந்தையின் அனுமதியோடு அவர் அறையிலேயே உட்கார்ந்து பாருங்கள், படம் எடுக்காதீர்கள், உங்கள் சாமியாரைப் பற்றியது அல்லாத எதையும் வெளியே கொண்டுவராதீர்கள்.

சரி, இனி ஆட்கள். பங்குப் பேரவைத் தலைவரிடம் தொடங்காதீர்கள். கோயில் வேலைகளைப் பார்க்கும் கோயில்பிள்ளை, சமையல் செய்தவர், மறைக்கல்வி சொல்லிக்கொடுத்த உபதேசியார், பீடப்பூக்களை மாற்றியவர், அவரோடு சண்டை போட்டுவிட்டுக் கோயிலுக்கு வருவதையே நிறுத்தியவர், அவருக்குப் பின் அதே பங்குக்கு வந்த சாமியார், இவர்களிடம் போங்கள். பின்னால் வந்த குருவானவருக்குத் தெரியும், முன்னவர் எதை முடித்தார், எதை விட்டுவிட்டுப் போனார், யார் யார் வந்து அவரைத் தேடி அழுதார்கள் என்று. வேறு மதத்துக்காரர்களையும் விடாதீர்கள், அவர்களிடம் கிடைப்பது பல சமயம் கோயிலுக்குள் கிடைக்காது.

கேட்கும் விதம்தான் முக்கியம். 'சாமி எப்படிப்பட்டவர்?' என்று கேட்டால் 'தங்கமான மனுஷன்' என்று சொல்லிவிட்டு எழுந்துவிடுவார்கள். 'வீட்டுக்கு வந்தா எங்க உட்காருவாரு? யார்கிட்ட முதல்ல பேசுவாரு? கோபம் வந்தா என்ன செய்வாரு? கடைசியா எப்ப பார்த்தீங்க?' என்று கேளுங்கள். என்னிடம் பேசிய ஒரு அம்மா முதலில் 'நல்லவரு' என்பதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. எங்கே உட்காருவார் என்று கேட்டதும் எழுந்து போய் வாசற்படியைக் காட்டினார். புருஷன் இறந்த ராத்திரி சாமி வந்து, செபம் சொல்லிவிட்டு, அந்தப் படியில் விடியும்வரை உட்கார்ந்திருந்தாராம். ஒரு வார்த்தை ஆறுதல் சொல்லவில்லையாம். 'அவரு அங்க இருந்ததாலதான் நான் உள்ள இருந்தேன்' என்றார். குடும்பங்களைச் சந்திக்க வேண்டும், துக்கத்தில் பங்குகொள்ள வேண்டும் என்று 529-வது சட்டம் பங்குக்குருவுக்குச் சொல்வதை நான் எத்தனையோ தடவை படித்திருக்கிறேன், அந்தப் படியைப் பார்த்த பிறகுதான் அது எனக்குப் புரிந்தது.

1960-களுக்கு முன்பே பட்டம் பெற்றவராக இருந்தால் ஒரு கேள்வியைச் சேர்த்துக்கொள்ளுங்கள். உலகத்து ஆயர்கள் கூடி 1962 முதல் 1965 வரை நடந்த இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு லத்தீன் பூசை மக்கள் மொழிக்கு வந்தது, பீடம் மக்கள் பக்கம் திரும்பியது. அந்த மாற்றத்தை அவர் எப்படி எடுத்துக்கொண்டார், தயங்கினாரா, பாட்டுச் சொல்லிக்கொடுத்தாரா, பழைய புத்தகத்தை என்ன செய்தார் என்று கேட்டால் வயதானவர்கள் மணிக்கணக்கில் பேசுவார்கள்.

மக்கள் தங்கள் பாவங்களைக் குருவிடம் சொல்லி மன்னிப்புப் பெறும் பாவசங்கீர்த்தனத்தில் அவர் என்ன சொன்னார் என்று யாரிடமும் கேட்காதீர்கள். அந்த இரகசியத்தைக் காக்கக் குரு முழுக்கக் கட்டுப்பட்டவர், உயிரே போனாலும் வெளியிடக் கூடாது. அவர் காத்ததை நாம் கிளறக் கூடாது. எவ்வளவு நேரம் பாவசங்கீர்த்தனத் தொட்டியில், அதாவது அதைக் கேட்கும் கூண்டில், உட்கார்ந்திருந்தார், எந்த நாட்களில், எவ்வளவு பேர் காத்திருந்தார்கள் என்பதை எழுதலாம், அதுவே போதும். பங்குக்குருக்களின் பாதுகாவலரான புனித ஜான் மரிய வியான்னியை உலகம் நினைவில் வைத்திருப்பதும் அந்த மணிக்கணக்குக்காகத்தான். 1818-ல் சுமார் 230 பேர் இருந்த ஆர்ஸ் என்ற சின்ன பிரெஞ்சுக் கிராமத்துக்கு வந்தார், 1859-ல் இறக்கும்வரை அங்கேதான் இருந்தார், கடைசி வருஷங்களில் ஒரு நாளைக்குப் பதினாறு மணி நேரம்கூடப் பாவசங்கீர்த்தனம் கேட்டார்.

அதே வியான்னி லத்தீன் படிக்க முடியாமல் திணறினார், பங்கை விட்டுத் தனிமைக்குப் போய்விட ஒன்றுக்கு மேற்பட்ட தடவை கிளம்பியும் போனார். அவருடைய வாழ்க்கையை எழுதியவர்கள் இதை மறைக்கவில்லை, நீங்களும் மறைக்காதீர்கள். உங்கள் சாமிக்கு முன்கோபம் இருந்ததா, கணக்கு வழக்கில் தடுமாறினாரா, யாரையாவது தவறாகப் பேசிவிட்டு வருந்தினாரா, எழுதுங்கள். ஆனால் நேரில் பார்த்தவர் இரண்டு பேராவது சொல்ல வேண்டும். 'புனிதர்' என்ற சொல்லை மட்டும் நீங்களாகச் சூட்டாதீர்கள், அதைச் சொல்வது திருச்சபையின் வேலை. பொதுவாக அதற்கான விசாரணையே ஒருவர் இறந்து ஐந்து வருஷம் கழித்துத்தான் தொடங்கும்.

ஓய்வுக்குப் பிந்தைய காலத்தைப் பெரும்பாலும் யாரும் எழுதுவதில்லை. எழுபத்தைந்து வயதானால் பங்குக்குரு தன் பதவி விலகலை ஆயரிடம் கொடுக்கும்படி கேட்டுக்கொள்ளப்படுகிறார். அதன் பிறகு பங்கு இல்லை, மணியடிக்க ஆள் இல்லை, சின்ன அறையில் தனியாகப் பூசை. அங்கே அவரைக் கவனித்துக்கொண்டவரிடம் ஒரு மணி நேரம் பேசுங்கள். அவருடைய செபப் புத்தகம் யாரிடமாவது இருந்தால் உள்ளே செருகியிருக்கும் இறந்தவர்களின் நினைவு அட்டைகளை எண்ணிப் பாருங்கள், எந்தப் பக்கம் விரல் பட்டுக் கறுத்திருக்கிறது என்று பாருங்கள்.

எழுதி முடித்ததும் அச்சுக்கு அனுப்பாதீர்கள். தகவல் தந்தவர்களிடம் அவரவர் பகுதியை வாசித்துக் காட்டுங்கள், வேண்டாம் என்று சொன்னதை எடுத்துவிடுங்கள். ஒரு பிரதியைப் பங்கின் ஆவணங்களோடும், ஒன்றை ஆயரகத்திலும், ஒன்றை அவர் படித்த குருமடத்திலும் கொடுங்கள். புத்தகத்தின் கடைசியில் ஐந்தாறு வெற்றுப் பக்கம் விட்டுவிடுங்கள், வாங்கிப் போகிறவர்கள் வீட்டிலும் ஒரு வாசற்படி இருக்கும், அவர்களே எழுதிக்கொள்ளட்டும்.