கிளியர் கோட்டில் போன இம்ப்ரெஸா: கார் மாடல் கட்டுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு தம்பி ஷூ டப்பாவோடு வீட்டுக்கு வந்தார். டப்பாவைத் திறக்கும் முன்பே முகத்தைப் பார்த்துப் புரிந்துவிட்டது. "அண்ணே, கடைசி கிளியர் கோட்தான் அடிச்சேன். பத்து நிமிஷத்துல இப்படி ஆயிடுச்சு" என்றார். உள்ளே ஒரு பிளாஸ்டிக் கார் மாடல். பானெட்டில் ஒட்டியிருந்த டீகால் (தண்ணீரில் நனைத்து ஒட்டும் ஸ்டிக்கர்) எல்லாம் ஆறிய பால் மேல் படிந்த ஆடைபோலச் சுருங்கிக் கிடந்தன. நான் பதில் சொல்லவில்லை. அலமாரி மேல்தட்டில் சுவரைப் பார்த்தபடி நிறுத்தி வைத்திருக்கும் என் நீல சுபாரு இம்ப்ரெஸா மாடலை எடுத்துத் திருப்பிக் காட்டினேன். அதே பானெட், அதே சுருக்கம். வயது மட்டும் பன்னிரண்டு வருடம்.

பாகங்களை ஸ்ப்ரூவிலிருந்து (அவை ஒட்டிவரும் பிளாஸ்டிக் சட்டம்) கையால் பிய்க்காதே, கையேட்டைப் படி, பசையை அள்ளிப் பூசாதே என்பதையெல்லாம் சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன். 1/24 அளவில் ஒரு காரை ஓரளவு ஒழுங்காக முடித்தவர், தைரியம் வந்து இரண்டாவது மூன்றாவது கிட்டில் செய்யும் தவறுகளைப் பற்றித்தான் எழுதுகிறேன். எல்லாம் நானே செய்து பார்த்தவை.

ஹார்டுவேர் கடை தின்னர்

பெயின்ட் கடையில் தின்னர் என்று கேட்டால் என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) தின்னரைத் தருவார்கள். கிட்டின் பிளாஸ்டிக் பாலிஸ்டைரீன். அதை அந்தத் தின்னர் கரைத்துவிடும். பிரஷ் கழுவ வைத்துக்கொள்ளுங்கள். பாடியில் பட்ட கைரேகையைத் துடைக்க அதை எடுத்தால் கைரேகை போகாது, நிரந்தரமாகப் பதியும். நெயில் பாலிஷ் ரிமூவரும் அப்படித்தான். துடைக்க சோப்புத் தண்ணீரே போதும்.

கதவுக் கோடு காணாமல் போவது

நிஜக் காரில் கதவுக்கும் பாடிக்கும் நடுவில் 5 மில்லிமீட்டர் இடைவெளி என்று வைத்துக்கொள்ளுங்கள். 24-ஆல் வகுத்தால் 0.2 மில்லிமீட்டர். அந்தக் கோட்டுக்குள் ப்ரைமர் (அடிப்பூச்சு), கலர், கிளியர் (நிறமில்லாத மேல்பூச்சு) மூன்றும் இறங்க வேண்டும். இறங்கி முடித்ததும் கதவு பாடியோடு ஒட்டிப்போய், சோப்பில் செதுக்கிய கார்போல நிற்கும். ப்ரைமருக்கு முன்பே, கத்தி முனையின் பின்பக்கத்தாலோ ஸ்க்ரைபராலோ ஒவ்வொரு கோட்டையும் நான்கைந்து முறை மெல்ல இழுத்து ஆழமாக்குங்கள். அழுத்தி ஒரே இழுப்பில் முடிக்கப் பார்த்தால் கத்தி கோட்டைவிட்டு ஓடி ஃபெண்டரில் கீறும்.

சிவப்பு பிளாஸ்டிக்கில் வெள்ளை

ஃபெராரி கிட்கள் பலவற்றில் பாடியே சிவப்பு பிளாஸ்டிக்கில் வரும். அதன் மேல் நேராக வெள்ளையோ மஞ்சளோ அடித்தால், பிளாஸ்டிக்கில் இருக்கும் சாயம் பெயின்டுக்குள் ஏறிவரும். அன்றைக்குத் தெரியாது. ஒரு வாரம் கழித்து வெள்ளைக் கார் ரோஸ்மில்க் நிறத்தில் நிற்கும். நடுவில் ஒரு கோட் சில்வர் அடித்துத் தடுங்கள்.

ஐப்பசியில் ஸ்ப்ரே

வேண்டாம்.

சரி, காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். லாக்கர் வகைப் பெயின்டில் இருக்கும் கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது பாடியின் மேற்பரப்பு குளிர்ந்துபோகும். காற்றில் ஈரம் அதிகமிருந்தால் அது அந்தக் குளிர்ந்த பெயின்ட் மேல் நீராகப் படியும். கறுப்புக் கார் சாம்பல் பூத்ததுபோல ஆகும். சென்னையில் வடகிழக்குப் பருவமழை முடியும்வரை நான் உள்பாகங்களை மட்டும்தான் கட்டுவேன். சீட், டாஷ்போர்டு, இன்ஜின். பூத்துவிட்டால் பதற வேண்டாம். வெயில் அடிக்கும் நாளில் லெவலிங் தின்னரை (பெயின்டை மெதுவாகக் காயவைக்கும் தின்னர்) தூற்றலாக அடித்தால் பெரும்பாலும் தெளிந்துவிடும்.

டீகால் மேல் கிளியர்

இப்போது என் இம்ப்ரெஸா. 1995-ல் காலின் மெக்ரே உலக ராலிப் பட்டம் வென்றாரே, அந்த நீலக் கார், தங்க நிற வீல். அதன் முகமே பக்கவாட்டில் பெரிதாக இருக்கும் 555 எழுத்துதான். அது சிகரெட் விளம்பரம் என்பதால் என் கிட்டின் டீகால் தாளில் அது இல்லை. தனியாக வாங்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து வரவழைத்தேன். கிட் விலையில் பாதி அந்தத் தாளுக்கு, அதற்கு மேல் தபால் செலவு, இரண்டு மாதக் காத்திருப்பு. மினுமினுக்கும் மைக்கா நீலத்தை மூன்று வாரம் காயவிட்டு, இரண்டு ராத்திரி உட்கார்ந்து ஒவ்வொன்றாக ஒட்டினேன். அந்த நிலையில் அது அழகாக இருந்தது. அப்படியே விட்டிருக்கலாம்.

மறுநாள் காலை லாக்கர் கிளியர் கேனை எடுத்தேன். முதல் கோட் லேசாக அடித்தேன். மேற்பரப்பு சொரசொரவென்று, ஆரஞ்சுத் தோல்போல இருந்தது. பளபளப்பைக் காணோம். மனசு கேட்கவில்லை. கண்ணாடிபோல ஈரமாக நிற்கும்வரை இரண்டாவது கோட்டை அடித்தேன். சில நொடிகள் உண்மையிலேயே ஷோரூம் கார். பிறகு 555-இன் நடு ஐந்து மெல்ல எழும்பியது.

நடந்தது இதுதான். டீகால் என்பது மிக மெல்லிய வார்னிஷ் படலம், அதன் மேல் மை. லாக்கரில் இருக்கும் கரைப்பான் அந்தப் படலத்தையும் கரைக்கும். தூற்றலாக அடிக்கும்போது கரைப்பானில் பாதி காற்றிலேயே போய்விடும், மீதியும் உட்கார்ந்ததும் பறந்துவிடும், கடிக்க நேரமில்லை. ஈரமாக அடித்தால் அது தேங்கி நின்று ஊறும். படலம் உப்பும். ஓரங்கள் ஒட்டியிருப்பதால் பக்கவாட்டில் விரிய வழியில்லை, மேலேதான் வரும். அதுதான் அந்தச் சுருக்கம். டீகாலுக்கு அடியில் தண்ணீரோ மென்மையாக்கும் திரவமோ மிச்சமிருந்தால் இன்னும் மோசம். நான் ஒரு ராத்திரிதான் காயவிட்டிருந்தேன்.

எனக்கு இன்றைக்கும் எரிச்சல் தருவது டீகால் போனது மட்டுமல்ல. பளபளப்பைக் கேனிடம் கேட்டேன் பாருங்கள், அதுதான். பளபளப்பு பிறகு வருவது. சொரசொரப்பான கிளியரை நன்றாகக் காயவிட்டு, 2000, 3000 எண் உப்புத்தாளில் தண்ணீர் தொட்டுத் தேய்த்து, பாலிஷ் காம்பவுண்டு போட்டால் ஒரு மாலையில் வந்துவிடும். கேனிலிருந்து நேராகக் கண்ணாடி வேண்டும் என்று அவசரப்படுகிறவர்தான் இந்தக் குழியில் விழுகிறார். தம்பியும் அப்படித்தான் விழுந்தார்.

இப்போது நான் செய்வது: ஒட்டியபின் ஈரத்துணியால் பசைக்கறையைத் துடைத்து, குறைந்தது இரண்டு நாள் காயவிடுவேன். கேனைச் சிறிது நேரம் வெதுவெதுப்பான தண்ணீரில் நிறுத்துவேன் (அடுப்புப் பக்கமே கொண்டுபோகக் கூடாது). ஓர் அடி தூரத்திலிருந்து நான்கு தூற்றல் கோட், ஒவ்வொன்றுக்கும் நடுவில் இருபது நிமிடம். பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கும். இருக்கட்டும். அதற்குப் பிறகுதான் கொஞ்சம் ஈரமான கோட். பயமாக இருந்தால் டாமியா எக்ஸ்-22 போன்ற அக்ரிலிக் கிளியரைக் கலந்து ஏர்பிரஷ்ஷில் அடிக்கலாம். அது டீகாலை அவ்வளவாகக் கடிக்காது.

எந்தக் கேனாக இருந்தாலும், தாளில் தேவையில்லாத ஒரு டீகாலை வேறெதிலாவது ஒட்டி முதலில் அதன் மேல் அடித்துப் பாருங்கள். முன்பெல்லாம் பிளாஸ்டிக் ஸ்பூனில் செய்வோம். 2022 ஜூலைக்குப் பிறகு ஸ்பூனுக்குத் தடை வந்துவிட்டது, அதனால் மிச்சமான ஸ்ப்ரூவில் இருக்கும் தட்டையான பெயர்ப்பட்டையில் செய்கிறேன். இரண்டு நிமிட வேலை. அந்த இரண்டு நிமிடம்தான் என் 555.

குரோம் பாகங்கள்

முலாம் மேல் பசை பிடிக்காது. ஒட்டுமிடத்தைச் சுரண்டுங்கள்.

கண்ணாடிக்கு சூப்பர் க்ளூ

வெண்புகை படிந்து பனி விழுந்த விண்ட்ஷீல்டு ஆகிவிடும்.

துணி மாஸ்க்

தூசியைத் தடுக்கும், கரைப்பான் ஆவியைத் தடுக்காது. கரித்தூள் கார்ட்ரிட்ஜ் போட்ட மாஸ்க் வாங்குங்கள். டீகால் தாளைவிட மலிவு.

இன்ஜினில் தோட்டக் குழாய்

கிட்டோடு வந்ததை மட்டும் ஒட்டாமல் சொந்தமாக ஒயர் இழுக்கத் தொடங்குகிறவர்கள் கையில் கிடைத்த ஒயரை எடுக்கிறார்கள். 1 மில்லிமீட்டர் ஒயர் 1/24-இல் 24 மில்லிமீட்டர். ஸ்பார்க் பிளக்கிலிருந்து தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சுகிற குழாய் வருவதுபோல இருக்கும். நிஜ பிளக் கேபிள் 7, 8 மில்லிமீட்டர்தான், ஆக நமக்கு வேண்டியது 0.3. பழைய இயர்போனை அறுத்தால் உள்ளே அந்த அளவில் மெல்லிய இழைகள் கிடைக்கும்.

டயர்

கிட்டைப் பிரித்ததும் மென்மையான வினைல் டயர்களைத் தனி உறையில் போடுங்கள். வினைலில் இருக்கும் எண்ணெய்ப்பசை மெல்லக் கசிந்து, பக்கத்தில் தொட்டுக்கொண்டிருக்கும் பிளாஸ்டிக்கை உருக்கும். தம்பி டப்பாவில் பாடியை வெளியே எடுத்தபோது அடியில் நான்கு டயரும் விண்ட்ஷீல்டு மேல் படுத்திருந்தன. அதை மட்டும் அவர் கிளம்பும் முன் பிரித்து வைத்தேன். பாடி இப்போது என் பால்கனியில், மூடிய டப்பாவில், பெயின்ட் கழன்றுவர பிரேக் ஆயிலில் ஊறிக்கொண்டிருக்கிறது.