பழைய போட்டுக்குக் காப்புறுதி எடுப்பது எப்படி? முல்லைத்தீவுக் கரையிலிருந்து ஒரு செய்முறை

மாமா தன் போட்டை 2011இல் வாங்கினார். சண்டைக்குப் பிறகு ஊரில் மீள்குடியேறி ஒரு வருடம்கூட ஆகாத காலம். இருந்த காசுக்குப் புதியது வாங்க முடியாது. கைமாறிய ஒரு பைபர் போட்டும் 25 குதிரைவலு எஞ்சினும் கிடைத்தன. எட்டு வருடம் அந்தப் போட்தான் வீட்டுக்குச் சோறு போட்டது. பிறகு ஒரு விடியற்காலை, அலை உடைகிற இடத்தைத் தாண்டும்போது எஞ்சின் பூட்டியிருந்த பின்பலகை பிளந்து, எஞ்சின் பலகைத் துண்டோடு கடலில் போய்விட்டது.

காப்புறுதி இருந்தது. நான்கு வருடம் தவறாமல் கட்டியிருந்தார். கொம்பனி ஒரு சதமும் தரவில்லை. இங்கிலீசில் வந்த கடிதத்தை நான்தான் அவருக்கு வாசித்துச் சொன்னேன். இரண்டு காரணம் எழுதியிருந்தார்கள். பலகை உள்ளே உக்கிப் போயிருந்தது, அது தேய்மானம். எஞ்சின் கழன்று கடலில் விழுவது பொலிசியில் சேராது. பொலிசியை எடுத்துப் பார்த்தால் இரண்டும் அதில் இருந்தன. பணம் கட்டும்போது அந்தப் பக்கத்தை யாரும் எங்களுக்கு வாசித்துக் காட்டவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

அதனால்தான் இதை எழுதுகிறேன். பழைய போட் வைத்திருப்பவர் மலிவான பிரிமியத்தைத் தேடி அலைய வேண்டாம். உங்களுக்கு எந்த நட்டம் வரக்கூடும் என்று முதலில் எழுதுங்கள். அந்த நட்டத்துக்கு என்ன தருவீர்கள் என்று ஒவ்வொரு கொம்பனியிடமும் எழுத்தில் வாங்குங்கள். பிரிமியத்தைக் கடைசியில் பார்க்கலாம்.

படி 1: கடதாசிகளைச் சேருங்கள்

கடற்றொழில் நீரியல் வளத் திணைக்களத்தின் படகுப் பதிவு, தொழில் அனுமதிப்பத்திரம், எஞ்சின் இலக்கம், வாங்கிய பற்றுச்சீட்டு, உங்கள் அடையாள அட்டை. எங்கள் பக்கத்தில் இதுதான் முதல் சிக்கல். 2009இல் உடுத்த துணியோடு வந்தவர்களிடம் பற்றுச்சீட்டு எங்கே இருக்கும்? அதற்குப் பிறகு வாங்கிய போட்டுகளும் இரண்டு மூன்று கை மாறியவை. கட்டிய ஆண்டு யாருக்கும் தெரியாது.

போட் உங்கள் பெயரில் பதிவாகியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பழைய சொந்தக்காரர் பெயரிலேயே இருந்தால் மாவட்டக் கடற்றொழில் அலுவலகத்துக்குப் போய் மாற்றிவிட்டுத்தான் மற்ற வேலை. உங்களுடையது என்று காட்ட முடியாத பொருளுக்குக் கட்டுகிற பிரிமியம் வீண். வாங்கிய கடதாசி இல்லையென்றால், விற்றவரிடம் இப்போதாவது ஒரு விற்பனைக் கடிதம் எழுதி வாங்குங்கள். உங்கள் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கமோ, அந்தச் சங்கங்கள் சேர்ந்த சமாசமோ தருகிற கடிதமும் உதவும். கட்டிய ஆண்டு தெரியாவிட்டால் "தெரியாது" என்றே எழுதுங்கள். ஊகித்து ஒரு ஆண்டைப் போட வேண்டாம். ஏன் என்று படி 6இல் சொல்கிறேன்.

படி 2: போட்டை நீங்களே சோதியுங்கள்

கரையில் ஏற்றி, நன்றாகக் கழுவி, இரண்டு நாள் வெயிலில் காய விடுங்கள். பிறகு ஒரு சின்னச் சுத்தியல் எடுத்து மெதுவாகத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இடத்தில் சத்தம் கூர்மையாகத் தெறிக்கும். உள்ளே தண்ணீர் ஊறிய இடத்திலும் பைபர் அடுக்குகள் பிரிந்த இடத்திலும் சத்தம் மந்தமாக இருக்கும். பத்து நிமிடம் தட்டினால் வித்தியாசம் காதுக்குப் பழகிவிடும். மந்தமான இடங்களைச் சோக்கட்டியால் வட்டமிடுங்கள்.

அதிக நேரம் பின்பலகையில் செலவழியுங்கள். வெளியே பைபர் தெரிந்தாலும், எஞ்சின் பூட்டுகிற அந்தப் பலகையின் நடுவில் அனேகமாக ஒட்டுப்பலகைதான் இருக்கும். ஆணி போட்ட ஓட்டை வழியே தண்ணீர் இறங்கினால் அது வெளியே தெரியாமல் உக்கும். எஞ்சினை மேலே தூக்கி, அதன் காலைப் பிடித்து அமத்திப் பாருங்கள். பலகை அசைந்தால், அல்லது ஆணி ஓட்டையிலிருந்து மண்ணிறத் தண்ணீர் கசிந்தால், உள்ளே உக்கல் தொடங்கிவிட்டது. அடிப்பக்கத்தில் கொப்புளம் இருக்கிறதா என்றும் பாருங்கள். குத்தினால் புளிப்பு மணத்தோடு நீர் வந்தால் அது வெறும் பெயின்ற் பிரச்சினை இல்லை. தண்ணீர் பைபருக்குள்ளேயே போயிருக்கிறது.

பிழை கண்டால் காப்புறுதி எடுப்பதற்கு முன்பே திருத்துங்கள். உக்கியதை வெட்டி எடுத்துப் புதுப் பலகை வைத்து மேலே பைபர் போடுவது எங்கள் ஊரில் போட் திருத்துகிறவர்கள் செய்கிற வேலைதான். திருத்த முன் ஒரு படம், திருத்தும்போது ஒரு படம், முடிந்த பிறகு ஒரு படம், அதோடு பற்றுச்சீட்டு. பழைய போட்டுக்கு இந்த நான்கும்தான் பெரிய சாட்சி. நாளைக்கு யாராவது "இது தேய்மானம்" என்று எழுதினால் மேசையில் வைக்க உங்களிடம் ஏதாவது இருக்கும்.

பாய் வைத்த வள்ளமோ யாட்டோ என்றால் பாய்மரத்தைப் பிடித்திருக்கும் கம்பிகளையும் அவற்றின் முனைகளையும் பாருங்கள். ஒரு இழை அறுந்திருந்தாலும் துரு இறங்கியிருந்தாலும் கம்பியை மாற்றுங்கள்.

படி 3: பெறுமதியை முடிவு செய்யுங்கள்

வயதான படகு என்றால் கொம்பனி பெரும்பாலும் சேர்வேயர் அறிக்கை கேட்கும். அவர் படகின் நிலையையும் பெறுமதியையும் எழுதுவார். செலவு உங்களுடையது. அவர் சொல்கிற திருத்தங்களைச் செய்யாமல் அறிக்கையை மட்டும் கொடுத்தால், பிறகு அதே அறிக்கை உங்களுக்கு எதிராகத் திரும்பும்.

இங்கே ஒரு கேள்வி கட்டாயம் கேளுங்கள்: பொலிசியில் உள்ளது உடன்பட்ட பெறுமதியா, சந்தைப் பெறுமதியா? உடன்பட்ட பெறுமதி என்றால், போட் முழுதாகப் போனால் நீங்களும் கொம்பனியும் ஒப்புக்கொண்டு எழுதிய தொகை வரும். சந்தைப் பெறுமதி என்றால், போன அன்று அந்தப் பழைய போட் எவ்வளவுக்கு விலைப்படும் என்று பார்த்து, தேய்மானம் கழித்துத் தருவார்கள். பத்து லட்சத்துக்குப் பிரிமியம் கட்டியவர் நான்கு லட்சத்தோடு வீட்டுக்குப் போவது இப்படித்தான். பழைய போட்டுக்கு முதலாவது கிடைத்தால், பிரிமியம் கொஞ்சம் கூடினாலும் அதையே எடுங்கள்.

பிரிமியத்தைக் குறைக்கப் பெறுமதியைக் குறைத்துப் போடலாமா என்று நிறையப் பேர் கேட்பார்கள். கணக்குக்கு ஒன்று சொல்கிறேன். போட் 12 லட்சம் பெறுமதி, நீங்கள் 6 லட்சத்துக்கு எடுத்தீர்கள். மூன்று லட்ச ரூபாவுக்குச் சேதம். விகிதாசாரக் கணக்குப் போடும் பொலிசி என்றால், பாதிப் பெறுமதிக்குத்தானே எடுத்தீர்கள் என்று ஒன்றரை லட்சம்தான் வரும். அதிலும் எக்சஸ், அதாவது ஒவ்வொரு நட்டத்திலும் நீங்களே ஏற்க வேண்டிய முதல் தொகை, கழியும்.

படி 4: நட்டங்களின் பட்டியல், கேள்விகளின் பட்டியல்

ஒரு கொப்பியில் உங்கள் நட்டங்களை எழுதுங்கள். இந்தக் கரையில் நான் எழுதுவது இவை.

எஞ்சின் கழன்று விழுவது, களவு போவது. லண்டனில் 1985இல் வந்த இன்ஸ்டிடியூட் யாட் கிளோசஸ் என்ற விதிகள் உல்லாசப் படகுப் பொலிசிகளில் பரவலாகப் புழங்குபவை. அவற்றின்படி வெளியிணைப்பு எஞ்சின், அதாவது எங்களுடையது போலப் பின்பலகையில் பூட்டுகிற எஞ்சின், கழன்று கடலில் விழுந்தால் நட்டஈடு இல்லை. களவு போனால் உண்டு, ஆனால் வழமையான பூட்டுக்கு மேலதிகமாக ஒரு களவுத்தடுப்புப் பூட்டு போட்டுப் படகோடு பிணைத்திருக்க வேண்டும். புதிய எஞ்சின் மாற்றுகிற செலவில் மூன்றில் ஒரு பங்கு வரை பழையதற்காகக் கழிக்கலாம். பாய்க்கும் அதே கழிவு. விரித்த பாய் வெறும் காற்றில் கிழிந்தால் அது சேராது. மீன்பிடிப் படகுப் பொலிசிகளின் சொற்கள் வேறாக இருக்கலாம். ஆனால் இதே கேள்விகளை அங்கேயும் கேளுங்கள்.

வலை. இழுவைப் படகுகள் இரவில் வலையை அறுத்துக்கொண்டு போவது எங்களுக்குப் பழகிப்போன துயரம். படகுப் பொலிசி வலையையும் காக்கும் என்று நம்பியிருப்பவர்கள் அதிகம். மேலே சொன்ன யாட் விதிகளில் மீன்பிடி உபகரணம் சேராது. வலைக்குத் தனியாக ஏதாவது உண்டா என்று கேளுங்கள்.

கரையில் நிற்கும்போது வரும் சேதம். முல்லைத்தீவுக் கரையில் நாங்கள் போட்டை மணலில் இழுத்து வைக்கிறவர்கள். 2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு புரெவிப் புயல் திருகோணமலைக்கும் முல்லைத்தீவுக்கும் இடையில் கரையேறியபோது போட்டுகள் கரையில்தான் நின்றன. கரையில் நிற்கும்போதும், ரக்ரரால் இழுக்கும்போதும், இறக்கும்போதும் பொலிசி செல்லுமா? லொறியில் மற்றக் கரைக்கு ஏற்றிப் போகும்போது?

கடல் எல்லையும் காலமும். வாடைக்காற்றுக் காலத்தில் முல்லைத்தீவுக் கடல் குழம்பும். சோழகம் என்கிற தென்மேற்குக் காற்றுக் காலத்தில் மன்னார், பூநகரிப் பக்கம் குழம்பும். அதனால் சிலர் பருவத்துக்குக் கரை மாறித் தொழில் செய்வார்கள். பொலிசியில் எழுதிய எல்லைக்கு வெளியே நடந்தது நடக்காதது மாதிரிதான். மாறாக, மாரியில் தொழிலுக்குப் போகாமல் கரையில் ஏற்றி வைப்பவர் அதைச் சொல்லிப் பிரிமியத்தைக் குறைக்கக் கேட்கலாம்.

இன்னும் ஒன்று, எங்கள் மண்ணுக்கே உரியது. போர் விலக்கு என்ற பந்தியில் கைவிடப்பட்ட கண்ணிவெடி, குண்டு போன்றவற்றால் வரும் சேதத்தையும் பல பொலிசிகள் தள்ளிவிடும். சண்டை முடிந்துவிட்டதே என்று அந்தப் பந்தியைத் தாண்டிப் போகாதீர்கள்.

மற்றவரின் படகை மோதினால் வரும் பொறுப்பு, போட்டில் வருகிறவர்களுக்கு விபத்துக் காப்புறுதி, மூழ்கிய படகை இழுத்து எடுக்கிற செலவு, இவற்றையும் எழுதுங்கள்.

படி 5: குறைந்தது மூன்று இடத்தில் கேளுங்கள்

படகு பொதுக் காப்புறுதியில் வரும். ஆயுள் காப்புறுதி வேறு. அரச நிறுவனமான ஸ்ரீலங்கா இன்சூரன்ஸ் முதல் தனியார் கொம்பனிகள் வரை அனுமதி பெற்றவர்களின் பட்டியல் இலங்கைக் காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவின் இணையத்தளத்தில் இருக்கிறது. முகவர் கொம்பனியின் ஆள். தரகர் உங்கள் பக்கம் நின்று பல கொம்பனிகளிடம் கேட்பவர். யாரோடு பேசுகிறீர்கள் என்று தெரிந்துகொண்டு பேசுங்கள்.

கொப்பியில் கோடு போட்டு, இடப்பக்கம் உங்கள் கேள்விகள், மேலே கொம்பனிகளின் பெயர்கள். எல்லோரிடமும் ஒரே பெறுமதி, ஒரே எக்சஸ் சொல்லிக் கேளுங்கள். இல்லாவிட்டால் ஒப்பிட முடியாது. வாயால் சொன்ன பதிலைப் பென்சிலால் எழுதுங்கள், எழுத்தில் வந்ததைப் பேனையால் எழுதுங்கள். "அதெல்லாம் கிடைக்கும் அண்ணை, யோசிக்காதேங்கோ" என்று முகவர் சொன்னால், "சரி தம்பி, அதை ஒரு மின்னஞ்சலில் அனுப்பிவிடு" என்று சொல்லுங்கள். பேனை எழுத்து எந்தப் பெயரின் கீழே அதிகமோ, அங்கே போய்ப் பிரிமியத்தைப் பேரம் பேசுங்கள்.

இன்னொரு கேள்வியும் கேளுங்கள்: சேதம் நடந்தால் பார்க்க வருகிற ஆள் எங்கிருந்து வருவார்? எஞ்சின் உப்புத் தண்ணீரில் கிடந்துவிட்டு வெளியே வந்தால் ஒவ்வொரு மணித்தியாலமும் அதைத் தின்னும். வவுனியாவிலிருந்து வருகிறவருக்கும் கொழும்பிலிருந்து வருகிறவருக்கும் பெரிய வித்தியாசம் உண்டு.

படி 6: விண்ணப்பப் படிவம்

முகவர் நிரப்பட்டும் என்று வெற்றுப் படிவத்தில் கையெழுத்து வைக்காதீர்கள். பழைய விபத்து, முன்பு மறுக்கப்பட்ட நட்டஈடு, திருத்திய இடங்கள், நிற்கிற இடம், எல்லாவற்றையும் உள்ளபடி எழுதுங்கள். காப்புறுதி முழு நேர்மையில் நிற்கிற ஒப்பந்தம். மறைத்த ஒரு செய்தி பின்னால் தெரியவந்தால் அதையே காரணமாக்கி முழு நட்டஈட்டையும் மறுக்கலாம். ஊகித்த ஆண்டைப் போட வேண்டாம் என்று சொன்னது இதற்காகத்தான். நிரப்பிய படிவத்தின் பிரதி ஒன்று உங்களிடம் இருக்கட்டும்.

படி 7: நட்டம் நடந்தால்

முதலில் ஆட்கள். அடுத்தது, சேதம் கூடாமல் பார்ப்பது. அது உங்கள் கடமை என்று பொலிசியிலேயே இருக்கும். நனைந்த எஞ்சினை உடனே நல்ல தண்ணீரில் கழுவி மெக்கானிக்கிடம் கொண்டு போங்கள், ஆனால் முதலில் படம் எடுங்கள். அன்றைக்கே கொம்பனிக்குச் சொல்லுங்கள், பிறகு எழுத்திலும் கொடுங்கள். களவு, மோதல் என்றால் பொலிஸ் முறைப்பாடு. உடைந்த துண்டுகளை எறியாதீர்கள். மறுத்துக் கடிதம் வந்தால், எந்தப் பந்தியின்படி மறுக்கிறீர்கள் என்று எழுதிக் கேளுங்கள். கொம்பனியின் முறைப்பாட்டுப் பிரிவில் தீராவிட்டால் இப்படியான முறைப்பாடுகளை விசாரிக்கிற காப்புறுதி ஒம்புட்ஸ்மன் இருக்கிறார், படி 5இல் சொன்ன ஆணைக்குழுவும் இருக்கிறது.

மாமா இப்போது வேறொரு பழைய போட்டில் தொழிலுக்குப் போகிறார். புதுப் பொலிசிக்கு நான்கு இடத்தில் கேட்டோம். மூன்று இடத்தில் எஞ்சின் விழுவதைச் சேர்க்க மறுத்தார்கள். நான்காவது இடம், பின்பலகை திருத்திய படங்களையும் எஞ்சினில் போட்ட சங்கிலியையும் பார்த்த பிறகு, கூடுதல் பிரிமியத்துக்குச் சேர்த்து எழுதித் தந்தது. அந்தக் கடிதம் பிளாஸ்டிக் உறைக்குள், வீட்டுச் சாமி அறையில் இருக்கிறது.