கார்ட்டூன் நினைவா, பொம்மை நினைவா?

உருமாறும் ரோபோ பொம்மை வாங்கப் போகிறீர்களா? சின்ன வயதில் மனதில் ஒட்டியது டிவியில் பார்த்த உருவமா, கையில் வைத்து விளையாடிய பொம்மையா என்று முதலில் யோசித்துக்கொள்ளுங்கள். இரண்டும் ஒன்றல்ல.

1984-இல் உருமாறும் ரோபோக்களின் டிரான்ஸ்ஃபார்மர்ஸ் கார்ட்டூனும் பொம்மைகளும் வந்தபோது, பல பொம்மைகள் ஜப்பானின் டகாரா நிறுவனம் ஏற்கெனவே விற்றுக்கொண்டிருந்த பொம்மைகளின் அச்சில் செய்தவைதான். கார்ட்டூன் அவற்றை மாற்றி வரைந்தது. வேனாக மாறும் அயர்ன்ஹைட் என்ற ரோபோவைப் பாருங்கள். டிவியில் முகத்தோடு பேசுவார். பொம்மைக்கோ தலையே கிடையாது! வேனின் முன்கண்ணாடிக்குப் பின்னால், இருக்கையில் ஒட்டிய ஸ்டிக்கர்தான் முகம்.

கார்ட்டூன் ரசிகர் என்றால் வழவழப்பான, ஸ்டிக்கர் இல்லாத வடிவம் பிடிக்கும். பொம்மை ரசிகருக்குப் பளபளக்கும் குரோம் பூச்சும் ஸ்டிக்கரும் இல்லாவிட்டால் ஏதோ குறையும். நான் இரண்டாவது கட்சி.

இன்னொன்று. கார்ட்டூன் உருவத்துக்கு நெருங்க நெருங்க, வாகனத்தின் பாகங்களை உள்ளே மடித்து ஒளிக்க வேண்டியிருக்கும். உருமாற்றும் வேலை சிக்கலாகும். அலமாரியில் நிறுத்தி ரசிக்க அது சரி. அடிக்கடி மாற்றி விளையாடுவீர்கள் என்றால், உருமாற்றும் வீடியோவை முழுசாகப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.