ஏரோபிக் பயிற்சி வாரத்தில் எத்தனை நாள்? முடிவெடுப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேக நடை, ஓட்டம், சைக்கிள், நீச்சல் போன்ற, மூச்சையும் இதயத் துடிப்பையும் கூட்டும் ஏரோபிக் பயிற்சிகளில் ஒன்றைத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் வாரத்திற்கு எத்தனை நாள் என்றுதான் முதலில் கேட்கிறார்கள். நாள் கணக்கிலிருந்து தொடங்குவதே முதல் தவறு என்பது என் கருத்து. உலக சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டுதல், வயது வந்தவர்களுக்கு வாரத்தில் 150 முதல் 300 நிமிடங்கள் மிதமான பயிற்சி, அல்லது 75 முதல் 150 நிமிடங்கள் கடுமையான பயிற்சி என்று நேரத்தைத்தான் வரையறுக்கிறது. ஆறு நாளும் கடைவீதியில் நடப்பதுபோல் மெதுவாக நடப்பவர், நான்கு நாள் வேகமாக நடப்பவரைவிடக் குறைவாகவே உழைத்திருக்கக்கூடும். நடக்கும்போது பேச முடிய வேண்டும், ஆனால் பாட முடியக்கூடாது. அதுவே மிதமான வேகத்தின் அளவு.

அடுத்த தவறு, இடைவெளியைக் கவனிக்காமல் விடுவது. உடல்நலத்தோடு இருப்பவர் வாரத்தின் மொத்த நேரத்தையும் சனி, ஞாயிறில் முடித்தாலும் இதயத்திற்கு நன்மை கிடைக்கிறது என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. சர்க்கரை நோயாளிகளுக்கு இந்த ஏற்பாடு பொருந்தாது. பயிற்சிக்குப் பிறகு தசைகள் இன்சுலினுக்கு நன்றாக இணங்கி இரத்தத்திலுள்ள சர்க்கரையை எடுத்துக்கொள்கின்றன. அந்த இணக்கம் ஒன்று முதல் மூன்று நாள்களுக்குள் தேய்ந்துவிடுகிறது. ஆகவே, அவர்கள் தொடர்ந்து இரண்டு நாள்களுக்கு மேல் பயிற்சியின்றி இருக்கக்கூடாது என்று மருத்துவர்கள் சொல்வதை, மருந்தை நேரத்திற்கு உட்கொள்வது போலவே கருத வேண்டும் என்று அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன்.

ஆர்வத்தின் வேகத்தில் முதல் வாரமே தினமும் ஓடத் தொடங்குவோர் இதற்கு நேர்மாறான தவறைச் செய்கிறார்கள். மூச்சு சில வாரங்களில் பழகிவிடும். ஆனால் எலும்புகளும் தசைநாண்களும் அந்த அதிர்வுக்குப் பழக மாதக்கணக்கில் ஆகும் என்பதால், நெஞ்சு தாங்குகிற ஓட்டத்தைக் கணுக்கால் தாங்காமல் போகிறது. புதிதாக ஓடுபவர்களுக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாளாக வாரத்தில் மூன்று முறை போதுமானது. நடையைத் தினமும் மேற்கொள்ளலாம். தசையை வலுப்படுத்தும் பயிற்சிக்கு வாரத்தில் குறைந்தது இரண்டு நாள்கள் தனியே தேவைப்படுகின்றன என்பதையும் நாள்களைப் பங்கிடும்போதே கருத்தில் கொள்வது நல்லது.

ஒரு நாள் தவறிவிட்டால் மறுநாள் இரட்டிப்பாகச் செய்ய முயல்வது காயத்திற்கு வழி வகுக்கும். ஒரு பயிற்சி குறைந்தது 10 நிமிடங்கள் தொடர்ந்து நீடித்தால்தான் கணக்கில் சேரும் என்ற பழைய விதியையும் 2020ஆம் ஆண்டு வழிகாட்டுதல் கைவிட்டுவிட்டது. எனவே, விட்டுப்போன நிமிடங்களை, பேருந்து நிறுத்தத்திற்கு வேகமாக நடப்பதிலும் மாடிப்படி ஏறுவதிலுமாக அந்த வாரத்தின் மற்ற நாள்களில் சிறிது சிறிதாகச் சேர்த்துக்கொள்ளலாம்.