வெளிநாட்டில் அக்கவுண்டன்ட் வேலை: கிளம்புவதற்கு முன்பே நடந்துவிடும் தவறுகள்

டெபிட்டும் கிரெடிட்டும் எல்லா ஊரிலும் ஒன்றுதான். அதனால்தான் மருத்துவர், வழக்கறிஞர் படும் பாடு நமக்கு இல்லை என்று கணக்கு வேலை பார்ப்பவர்கள் தைரியமாக இருக்கிறார்கள். பாதி உண்மை. கணக்கு எழுதுவதற்குப் பல நாடுகளில் உரிமம் தேவையில்லை. அதே கணக்கைத் தணிக்கை செய்து கையெழுத்துப் போட வேண்டுமென்றால் உள்ளூர் உரிமம் கேட்பார்கள். இந்த இரண்டில் எந்தப் பக்கம் போகப் போகிறோம் என்று முடிவு செய்யாமலே பரீட்சைக்குப் பணம் கட்டிவிடுவதுதான் நான் பார்த்தவரை பெரிய தவறு.

நாட்டுக்கு நாடு கோடு வேறு இடத்தில் விழுகிறது. பிரிட்டனில் யார் வேண்டுமானாலும் தன்னை அக்கவுண்டன்ட் என்று சொல்லிக்கொள்ளலாம். சட்டப்படியான தணிக்கைக்குத்தான் பதிவு பெற்ற ஆடிட்டர் வேண்டும். ஜெர்மனியில் தொழிலாக வரி ஆலோசனை சொல்வதே, ஸ்டோயர்பெராட்டர் (வரி ஆலோசகர்) போன்ற உரிமம் பெற்ற சில பிரிவினருக்கு மட்டும். சவுதி அரேபியாவில் கணக்குத் துறையில் வேலை செய்யும் வெளிநாட்டவர் எஸ்.ஓ.சி.பி.ஏ. என்ற அந்நாட்டுக் கணக்காளர் அமைப்பில் பதிவு செய்தாக வேண்டும். அமெரிக்காவில் சி.பி.ஏ. (உரிமம் பெற்ற கணக்காளர்) தேர்வு நாடு முழுக்க ஒன்றே, உரிமம் கொடுப்பது மட்டும் மாநில வாரியம். கல்லூரியில் எத்தனை கிரெடிட் (பாட அலகு) படிப்பு, யாருக்குக் கீழே எவ்வளவு அனுபவம் என்பதெல்லாம் வாரியத்துக்கு வாரியம் மாறும். தேர்வில் தேறிய கையோடு பெயருக்குப் பின்னால் சி.பி.ஏ. என்று போட்டுக்கொள்பவர்கள் உண்டு. உரிமம் வராமல் அப்படிப் போடுவது மாநிலச் சட்டத்துக்கு விரோதம்.

ஒரு கம்பெனிக்குள் உட்கார்ந்து மாதக் கணக்கு முடிப்பதுதான் உங்கள் வேலை என்றால், தணிக்கை உரிமத்துக்காக வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டாம். அந்த நேரத்தில் அந்நாட்டு பேரோல் (சம்பளக் கணக்கு) விதிகளையும் வாட் (மதிப்புக் கூட்டு வரி) கணக்கையும் கற்றுக்கொண்டால் வேலை சீக்கிரம் கிடைக்கும்.

அடுத்தது அனுபவக் கடிதம். "இவர் எங்களிடம் இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை அக்கவுண்ட்ஸ் எக்ஸிகியூட்டிவ் ஆகப் பணியாற்றினார், நன்னடத்தை உள்ளவர்" என்று இரண்டு வரி எழுதிய தாளை வைத்துக்கொண்டு ஒன்றும் நடக்காது. ஆஸ்திரேலியக் குடியேற்றத்துக்கு கணக்காளர்களின் தகுதியை மதிப்பிடும் அமைப்புகள் மூன்று: சி.பி.ஏ. ஆஸ்திரேலியா, சி.ஏ. ஏ.என்.இசட்., ஐ.பி.ஏ. அனுபவத்தையும் மதிப்பிடக் கொடுத்தால், பதவிப் பெயரை விட என்ன வேலை செய்தீர்கள் என்பதுதான் கணக்கு. அங்கே புக்கீப்பருக்கு ஒரு தொழில் குறியீடு, அக்கவுண்டன்டுக்கு வேறு குறியீடு. வவுச்சர் பதிவும் வங்கி ரீகன்சிலியேஷனும் (வங்கிக் கணக்கோடு நம் கணக்கை ஒத்துப்பார்ப்பது) மட்டும் எழுதியிருந்தால் முதல் குறியீட்டில்தான் போய் நிற்பீர்கள். பட்ஜெட் தயாரித்தது, நிதிநிலை அறிக்கை முடித்தது, வாரத்துக்கு எத்தனை மணி நேரம் வேலை, கையெழுத்திட்டவரின் பதவி, தொடர்பு விவரம் என்று எல்லாம் அதில் இருக்க வேண்டும். வேலையை விட்ட பிறகு பழைய மேலாளரைத் தேடிப் பிடித்து இதை வாங்குவது பெரும்பாடு. ஆனால் செய்யாத வேலையைச் சேர்த்து எழுதச் சொல்லாதீர்கள். சரிபார்க்கத் தொலைபேசி வரும்.

நேர்முகத் தேர்வில் "எனக்கு ஐ.எஃப்.ஆர்.எஸ். தெரியும்" என்று சர்வதேசக் கணக்கியல் விதிகளைச் சொல்லிவிட்டு, வேறு விதிகளில் கணக்கெழுதும் அமெரிக்கக் கம்பெனியின் கிளையில் மாட்டிக்கொள்வது இன்னொரு வகை. ஒரே சரக்கை 10 டாலர் வீதம் 100, பிறகு 12 டாலர் வீதம் 100 வாங்கி, அதில் 100 விற்றதாக வைத்துக்கொள்வோம். முதலில் வந்தது முதலில் போனது என்றால் அடக்க விலை 1,000 டாலர். கடைசியில் வந்தது முதலில் போனது என்றால் 1,200. லாபத்தில் 200 டாலர் வித்தியாசம். இரண்டாவது முறையான லைஃபோவை ஐ.எஃப்.ஆர்.எஸ். தொகுப்பிலுள்ள ஐ.ஏ.எஸ். 2 என்ற விதி தடை செய்கிறது, அமெரிக்க விதிகள் அனுமதிக்கின்றன. நில, கட்டட மறுமதிப்பீட்டில் நேர் எதிர்: ஐ.எஃப்.ஆர்.எஸ். அனுமதிக்கும், அமெரிக்க விதி அனுமதிக்காது. வளைகுடா என்றால் வரியே இல்லை என்ற பழைய நினைப்பும் போக வேண்டும். ஐக்கிய அரபு அமீரகத்தில் 2018 ஜனவரியிலிருந்து 5 சதவீத வாட் இருக்கிறது. 2023 ஜூன் 1 முதல் தொடங்கும் நிதியாண்டுகளுக்கு, 375,000 திர்ஹாமுக்கு மேற்பட்ட வரிக்குரிய லாபத்தில் 9 சதவீத கார்ப்பரேட் வரியும் வந்துவிட்டது.

சின்னச் சின்ன விஷயங்கள்தான் முதல் மாதத்தில் மானத்தை வாங்கும். குவைத், பஹ்ரைன் தினார்களும் ஓமான் ரியாலும் ஆயிரம் பகுதிகளாகப் பிரிபவை. புள்ளிக்குப் பிறகு மூன்று இலக்கம். எக்செலை வழக்கம்போல இரண்டு இலக்கத்தில் ரவுண்ட் செய்தால் 12.345 என்பது 12.35 ஆகிவிடும். ஒரு பில்லில் ஐந்து ஃபில்ஸ் (தினாரின் ஆயிரத்தில் ஒரு பகுதி ஒரு ஃபில்ஸ்) யார் கண்ணுக்கும் தெரியாது. நூற்றுக்கணக்கான பில்கள் சேர்ந்த பிறகு மாதக் கடைசியில் லெட்ஜர் டேலி ஆகாமல் இரவெல்லாம் தேட வேண்டும். ஜெர்மன் பில்லில் 1.250 என்றால் ஆயிரத்து இருநூற்று ஐம்பது. 03/04 என்ற தேதி லண்டனில் ஏப்ரல் 3, நியூயார்க்கில் மார்ச் 4. காலாண்டு மார்ச்சில் முடியும் கம்பெனியில் அந்த ஒரு பில் எந்தக் காலாண்டில் விழுகிறது என்று பாருங்கள்.

அடுத்தவர் கணக்கில் ஒரு ரூபாய் விடாதவர்கள் தங்கள் ஆஃபர் லெட்டரில் கோட்டை விடுவது வேடிக்கைதான். சொன்ன தொகை வரிப் பிடித்தத்துக்கு முன்பா பின்பா, மருத்துவக் காப்பீடு குடும்பத்துக்கும் உண்டா, நோட்டீஸ் காலம் எவ்வளவு என்று எழுத்தில் வாங்குங்கள். விசா முதலாளியோடு கட்டப்பட்டதா என்பது இன்னும் முக்கியம். அமெரிக்க ஹெச்-1பி விசாவில் வேலை போனால் பொதுவாக அதிகபட்சம் 60 நாள்தான் அவகாசம். கையிருப்பு அதைத் தாங்க வேண்டும். வேலைக்காக ஏஜென்ட் உங்களிடம் கட்டணம் கேட்டால் அங்கேயே நிறுத்துங்கள். தொழிலாளியிடம் வசூலிக்கக் கூடாது என்பதே சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1997ஆம் ஆண்டு உடன்படிக்கை வகுத்த பொது விதி.

சொந்த வரி விஷயத்தில் "ஒரு நாட்டில் வருடத்துக்கு 183 நாள் தாண்டாவிட்டால் பிரச்சினை இல்லை" என்ற வாய்மொழியை நம்ப வேண்டாம். பிரிட்டனில் வீடு, குடும்பம், வேலை என்று தொடர்புகள் கூடக்கூட, அதைவிட மிகக் குறைந்த நாள்களிலேயே வரிக்குரிய வதிவாளர் (அங்கே வசிப்பவராகக் கருதப்பட்டு வரி கட்ட வேண்டியவர்) ஆகிவிடலாம்.

கடைசியாக, வேலைக்குச் சேர்ந்ததும் அந்நாட்டுப் பணமோசடித் தடுப்பு (கறுப்புப் பணத்தை வெள்ளையாக்குவதைத் தடுக்கும்) சட்டத்தைப் படித்துவிடுங்கள். பிரிட்டனில் அக்கவுண்டன்சி நிறுவனத்தில் வேலை செய்பவர், வாடிக்கையாளரின் பணத்தில் சந்தேகம் எழுந்தும் அதைத் தெரிவிக்காவிட்டால் குற்றம். "உங்கள் மேல் புகார் போயிருக்கிறது, ஜாக்கிரதை" என்று அந்த வாடிக்கையாளர் காதில் போடுவதும் தனிக் குற்றம். நிறுவனத்தில் இதற்கென்று நியமிக்கப்பட்ட அதிகாரி யார் என்பதை முதல் வாரமே கேட்டுவைத்துக்கொள்ளுங்கள்.